மூடியில் வைத்த புள்ளி

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதிக்கொள்வது.

அப்பாவுக்கு அந்தக் காய்ச்சல் உன்னிடமிருந்துதான் வந்ததா? பதினான்கு மாதங்களாக வெள்ளிக்கிழமை தவறாமல் நீ போனில் கேட்கிற இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதிக் கடிதத்தை நீ நிதானமாகப் படிப்பாய். இனி முறைப்படி: நீயும் உன் மனைவியும் மகளும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். சமையலறைக் குழாயைத் தவிர வீடும் சுகம். லேபில் இருந்த இரண்டு ஃப்ரீசர்களில் ஒன்றுக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போனது. அதனால் என்ன ஆனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் குரல் அடங்காது. எழுத்து என்றால் அடங்கும்.

உனக்குத் தெரிந்ததையே வரிசையாகத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நாங்கள் லேபில் எதையும் அப்படித்தான் தொடங்குவோம். போன வருஷம் நீ பத்து நாள் வந்து தங்கினாய். எட்டாம் நாள் உனக்கு இருமல். பத்தாம் நாள் காலை, நீ விமானத்துக்குக் கிளம்புமுன், எங்கள் ஆய்வுக்கு ஓர் ஆள் கிடைத்த மாதிரி இருக்கட்டும் என்று உன் மூக்கில் குச்சியை விட்டேன். நீ துள்ளிய துள்ளலில் என் கண்ணாடி தெறித்து அப்பாவின் தேநீரில் விழுந்தது. நீ போன நாலாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். அவர் மூக்கிலும் எடுத்தேன். அவர் அசையவில்லை. "எங்க கையெழுத்து போடணும்?" என்று மட்டும் கேட்டார். காய்ச்சல் கண்ட பதினோராம் நாள் அவர் இல்லை. அப்போது நீயும் அங்கே காய்ச்சலில் படுத்திருந்தாய், வர முடியவில்லை. பிறகு வர முடிந்தபோதும் வரவில்லை. ஒரு வருஷம் ஆனபோதும் வரவில்லை. "அந்த வீட்டுப் படியேற எனக்கு என்ன தகுதிக்கா" என்றாய். முதலில் ட்யூப்பைப் பார்த்துச் சொல், அப்புறம் வருகிறேன் என்றாய்.

அந்தக் குச்சிகளைப் போட்டு வைத்த ட்யூப்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வுக்கு வரும் எதிலும் பெயர் இருக்கக் கூடாது, நம்பர்தான் போட வேண்டும். எல்லோருக்கும் நம்பர் போட்டேன். அப்பாவுக்கு நம்பர் கொடுக்க மட்டும் கை வரவில்லை. அதனால் நம் வீட்டு ட்யூப்களில் எழுத்துகளைப் போட்டுத் தனிப் பெட்டியில் வைத்தேன். அப்பாவுக்கு 'அ'. உனக்கு 'த'. மூன்றாவதாக ஒரு ட்யூப் உண்டு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். விதிகளை மீறாதவள் என்று லேபில் எனக்குப் பெயர். விதி மீறத் தெரியாதவள் மீறினால் இப்படித்தான், பதினாலாயிரம் ட்யூப்களுக்கு நடுவே மூன்றில் மட்டும் எழுத்து.

உன் மகள் போன மாதம் "அத்தைக்கு என்ன வேலை?" என்று கேட்டது போனில் என் காதில் விழுந்தது. "வைரஸ்ல ஏதோ" என்று நீ சொன்னதும் விழுந்தது. அந்த 'ஏதோ'வை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் ஃப்ரீசர் கதை புரியாது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓர் அலுவலகம் இருக்கிறது. இன்ன புரதம் செய் என்று அங்கிருந்து உத்தரவுச் சீட்டுகள் வெளியே போகும். அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. ஒவ்வொரு சீட்டின் தலையிலும் ஒரு மூடி போட்டு, அதில் மீதைல் என்கிற ஒரு துளி ரசாயனப் புள்ளி வைத்துத்தான் அனுப்புவார்கள். வெளியே காவல் புரதங்கள் நிற்கும். புள்ளி இருந்தால் நம்ம ஆள், போகலாம். இல்லாவிட்டால் அந்நியன், சீட்டை நிறுத்து, அக்கம்பக்கத்து செல்களுக்கெல்லாம் சங்கு ஊது. வைரஸ் உள்ளே வருவதே ஒரு சீட்டாகத்தான். நாங்கள் பார்க்கிற வைரஸுக்குப் புள்ளி வைக்கும் அலுவலகத்துக்குள் நுழைய அனுமதி கிடையாது. அதனால் அது சொந்தமாக ஒரு புரதத்தைச் செய்து, தன் சீட்டுகளுக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்கிறது. காவல்காரன் பார்க்கிறான், புள்ளி இருக்கிறது, விட்டுவிடுகிறான். அப்புறம் செல்லின் சொந்தப் பட்டறையே உட்கார்ந்து வைரஸுக்கு வேண்டியதையெல்லாம் செய்து கொடுக்கும். ஒன்று ஆயிரமாகும். அந்தப் புரதத்தின் கையை முடக்கிவிட்டால் அதே வைரஸ் பெருகத் திணறிப்போகும், செல் உடனே அடையாளம் கண்டுவிடும். அந்தப் புரதம் தனியாக வேலை செய்யாது என்பது இன்னொரு சங்கதி. கூடவே இன்னொரு சின்னப் புரதம் நின்று அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்குக் கை ஓடாது. இந்த ஜோடியோடுதான் நான் பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்துகிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இதை என் ஆய்வேட்டைத் திருத்திய பேராசிரியர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் அப்பாதான். வங்கியில் முப்பத்தோரு வருஷம் கையெழுத்துப் பார்க்கும் மேசையில் உட்கார்ந்தவர் ஆயிற்றே. ஒருநாள் சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தார்.

"ஆக, உள்ள வர்றவன் தன்னோட ரப்பர் ஸ்டாம்பைத் தானே கொண்டு வர்றான்."

"ஆமாப்பா."

"காவல்காரன் ஸ்டாம்பைத்தான் பாக்கறான். சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கறதில்ல."

"படிக்க நேரம் கிடையாது. லட்சக்கணக்குல போகுது."

"அப்ப அவனைக் குத்தம் சொல்லாத. வரிசையில நூறு பேர் நிக்கறப்ப நானும் கையெழுத்தோட கடைசிச் சுழியைத்தான் பாத்திருக்கேன்." பிறகு தட்டை இழுத்துக்கொண்டு, "ஒண்ணு கவனிச்சியா? கள்ளக் கையெழுத்து எப்பவும் அசலைவிட அழகா இருக்கும். அசல் போடறவனுக்கு அழகா போடணும்னு கவலையில்ல" என்றார். அடுத்த நாள் லேபில் அதை நான் என் கருத்து மாதிரிச் சொன்னேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

எங்கள் லேபின் ஸ்டோர் பொறுப்பாளரை உனக்குத் தெரியாது. அந்த அம்மாவை எல்லோரும் மைனஸ் எண்பது என்றுதான் கூப்பிடுவோம், அவருக்குக் கேட்காத தூரத்தில். ஃப்ரீசரின் குளிரும் அதுதான், அவர் பார்வையின் குளிரும் அதுதான். யார் எதை எடுத்தாலும் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பல வருஷங்களுக்கு முன் நான் குடையை மறந்துபோன ஒருநாள் அப்பா அதைக் கொண்டுவந்தார். நான் மீட்டிங்கில் இருந்தேன். அவரை ஸ்டோர் அறையில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். சும்மா இருக்கிறவரா? ரெஜிஸ்டரைப் புரட்டியிருக்கிறார். நான் வந்தபோது மைனஸ் எண்பது எழுந்து நின்றுகொண்டிருக்க, அப்பா விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்: "இந்தப் பக்கத்துல எட்டுப் பேர் போட்டிருக்காங்கம்மா. எட்டும் ஒரே கை. இடது கைக்காரர். அவசரத்துல இருந்திருக்கார்." எங்களில் இடது கைக்காரர் ஒரே ஒரு மாணவர்தான். எட்டுப் பேருக்கும் அவர்தான் போய்ப் பொருள் எடுத்து வந்திருக்கிறார், அவர்தான் எட்டும் போட்டிருக்கிறார். அன்று மைனஸ் எண்பது அப்பாவுக்குத் தேநீர் வரவழைத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் யாருக்கும் தேநீர் கொடுத்ததை நான் பார்த்ததில்லை.

இப்போது ஃப்ரீசர். மூன்று வாரங்களுக்கு முன் ஒன்றின் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. புதியது வர ஆறு மாதம் ஆகும் என்றார்கள். இரண்டில் இருந்ததை ஒன்றில் அடைக்க வேண்டும், பாதியைக் கழிக்க வேண்டும். இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விட்டார்: யாருக்கு எது வேண்டுமோ அந்த ட்யூப் மூடியில் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கறுப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைக்கவும், புள்ளி இல்லாதவை அழிக்கப்படும். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மூடியில் புள்ளி இருந்தால் நம்ம ஆள், இல்லாவிட்டால் அந்நியன். வைரஸுக்கு எதிராக வேலை செய்யும் ஓர் இடத்தில், அது எப்படி ஏமாற்றுகிறது என்று தெரிந்த முப்பது பேர் கூடி, அதே ஏமாற்றுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மீட்டிங்கில் எழுந்து சொன்னேன்: "புள்ளி வைத்திருக்கிறது என்றால் யாரோ புள்ளி வைத்தார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். பட்டியல் போட்டுச் சரிபார்க்க வேண்டும்." இயக்குநர் "நல்ல கருத்து" என்றார். நல்ல கருத்து என்று அவர் சொன்னால் அது அத்தோடு அடக்கம் என்று அர்த்தம்.

நடந்ததைக் கேள். திங்கட்கிழமை முதலே ஆளாளுக்கு மார்க்கரும் கையுமாகத் திரிந்தார்கள். நம் இடது கைக்காரர், இப்போது அவர் டாக்டர், தன் ட்யூப்களுக்கு வைத்தது போதாதென்று பக்கத்துப் பெட்டிக்கும் வைத்தார், பாவம் அந்தப் பெண் விடுப்பில் இருக்கிறாள் என்று. ஒருவர் காலி ட்யூப்களுக்கும் வைத்தார், பின்னால் உதவும் என்று. யாரோ ஐஸ்கிரீம் டப்பா ஒன்றின் மூடியிலும் வைத்திருந்தார்கள். அது யாருடையது என்று இதுவரை தெரியவில்லை, ஆனால் புள்ளி இருக்கிறது, ஆகவே அது பத்திரம். புதன்கிழமைக்குள் கடையில் கறுப்பு மார்க்கர் தீர்ந்துபோய்விட்டது. நான் மட்டும் வைக்கவில்லை. வீம்புதான், வேறென்ன. என் பெட்டியைப் பார்த்தால் யாருக்கும் தெரியும், அசலுக்கு எதற்கு அடையாளம் என்று இருந்தேன். பட்டியல் ஒன்று தயாரித்தேன், பதினொரு பக்கம். ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வீம்பை மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஒரு மார்க்கரைக் கடன் வாங்கிக்கொண்டு, ஃப்ரீசர் முன்னால் போய் நின்றேன். மற்றவற்றுக்கெல்லாம் வைத்தேன். நம் வீட்டுப் பெட்டியைக் கடைசியாக விட்டிருந்தேன். அதைத் திறக்கப்போகும்போது போன் அடித்தது. அன்றைக்கும் வெள்ளிக்கிழமை அல்லவா.

"அக்கா, பாத்தியா?"

"என்னத்த?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"மெஷின் ரிப்பேர்டா."

"போன மாசமும் ரிப்பேர்தான். அது என்ன மெஷின், வெள்ளிக்கிழமை வந்தா அதுக்கும் காய்ச்சல் வருமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரிய வேண்டாம். ஆமாவா இல்லையா, அது போதும். நான் தாங்கிக்குவேன்க்கா."

"நீ தாங்குவ" என்றேன். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன், நீ என்ன சொன்னாய் என்று இருவருக்கும் தெரியும், எழுத வேண்டாம். நீ அப்பாவின் கண்ணாடியைப் பற்றிக் கேட்டாய், நான் நீ வராததைப் பற்றிச் சொன்னேன். நான் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி ஐம்பது நிமிஷம் பேசினேன். திரும்பி வந்தபோது ஐந்து மணி மூன்று நிமிஷம். ஸ்டோர் பூட்டியிருந்தது. மைனஸ் எண்பதுக்கு மூன்று நிமிஷம் என்பது மூன்று நிமிஷம்தான். சனிக்கிழமை கழித்தார்கள். திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன், நம் பெட்டி இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. சுவரில் ஒரு தாள்: 'புள்ளியில்லாதவை அனைத்தும் அழிக்கப்பட்டன.' கீழே மைனஸ் எண்பதின் கையெழுத்து. அவரைக் கேட்கலாமென்றால் புதன் வரை விடுப்பு. கேட்டு என்ன ஆகப்போகிறது. கொதிநீராவியில் வைத்துத்தான் அழிப்பார்கள், போனது போனதுதான்.

உன் போனால்தான் போயிற்று என்று நான் சொல்லவில்லை. என் வீம்பால் போயிற்று என்றும் சொல்லலாம். யாரிடமிருந்து தொடங்கியது என்று இதையும் சொல்ல முடியாது என்பதைக் கவனி.

இனி, தள்ளிக்கொண்டே வந்ததைச் சொல்கிறேன். மெஷின் பதினான்கு மாதத்தில் ஒருநாள்கூட ரிப்பேர் ஆகவில்லை. காலையில் வைத்தால் சாயங்காலம் பதில் தந்துவிடும். வைரஸ் ஆளுக்கு ஆள் தாவும்போது அதன் சீட்டில் உள்ள எழுத்துகளில் எப்போதாவது ஓர் எழுத்து மாறும். மெஷினில் படித்து மாறிய இடங்களை ஒப்பிட்டால் யாருடையது யாருடையதோடு ஒட்டுகிறது என்று பார்க்கலாம். நான் வைக்கவில்லை. ஏனென்றால் பெட்டியில் இருந்த மூன்றாவது ட்யூப் என்னுடையது. 'நா' என்று எழுதியிருந்தேன். உனக்கு இருமல் வந்தது எட்டாம் நாள். ஏழாம் நாள் காலை எனக்குத் தொண்டை கரகரத்தது. முந்தின நாள் மாணவர்களுக்கு மூன்று மணி நேரம் பாடம் நடத்தினேன், அதனால் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது பாதி. ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. நீ வந்திருக்கிற பத்து நாளில் ஒருநாளை அறைக்குள் அடைந்து வீணாக்க மனமில்லை. அன்று மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சீட்டாடினோம், நினைவிருக்கிறதா? அப்பா ஏமாற்றி ஆடினார். நாம் இருவரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம். ஊருக்கெல்லாம் வைரஸ் எப்படி நுழைகிறது என்று சொல்கிறவள், தன் தொண்டையில் இருந்ததைத் தன் ஆள் என்று விட்டுவிட்டாள். நீ போன பிறகு தனியாக நின்று என் மூக்கில் நானே குச்சி விட்டுக்கொண்டேன். நம் மூவருக்கும் அதே வைரஸ்தான் என்பது வரை அப்போதே தெரியும். அதற்கு மேல் பார்க்கவில்லை. நீ ஒவ்வொரு வெள்ளியும் "என்னாலயா" என்று கேட்டபோது எனக்குள் கேட்டது "உன்னாலயா" என்றுதான்.

அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த அன்று நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. படிவத்தில் அவரே கையெழுத்துப் போடுவேன் என்றார். கை நடுங்கியது. போட்டுவிட்டு, தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என் கையெழுத்து இல்லம்மா" என்றார். நர்ஸ், "பரவாயில்ல சார், குடுங்க" என்றாள். "பரவாயில்லன்னு சொல்ல நீங்க யாரு? மேசைக்கு இது வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்." இன்னொரு படிவம் கேட்டார். அதையும் திருப்பினார். நாலாவது படிவத்தில் நர்ஸ் என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். அவர் உடம்பும் அந்த வாரம் அதையேதான் செய்துகொண்டிருந்தது என்று பிறகு டாக்டர்கள் சொன்னார்கள். முதலில் அந்நியனை அடையாளம் தெரியாமல் உள்ளே விட்டுவிட்டு, தாமதமாக விழித்துக்கொண்டு, சொந்த ஆட்களையே அடித்துக்கொண்டிருந்தது. ஏன் அவருக்கு மட்டும் அப்படி, உனக்கும் எனக்கும் ஏன் இல்லை? எனக்குத் தெரியாது. வயது என்பார்கள். அது பதில் மாதிரி இருக்கும் ஒன்று.

கடைசியாக ஒன்று. நீ எட்டாம் வகுப்பில் கணக்கில் பதினேழு மார்க் வாங்கி, ரிப்போர்ட் அட்டையில் நீயே அப்பாவின் கையெழுத்தைப் போட்டாய். இன்றுவரை யாருக்கும் தெரியாது என்று நினைத்திருக்கிறாய். அன்று இரவு, நீ தூங்கிய பிறகு, பையிலிருந்த அட்டையை அப்பா எடுத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பத்து நிமிஷம் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்தேன். "அப்பா, அது நீங்க போட்டதில்லையே" என்றேன், மூட்டிவிடும் ஆசையில். "தெரியும். மூணாவது வளைவுல பேனா நின்னிருக்கு. பயந்துக்கிட்டே போட்டிருக்கான்" என்றார். "கேக்கலையா?" "பயந்தவனை என்னத்த கேக்கறது." அட்டையைப் பையில் திரும்ப வைத்து, ஜிப்பையும் மூடினார். அவர் தெரிந்தே விட்ட கள்ளக் கையெழுத்து எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். காவல்காரன் ஏமாந்து போவது ஒன்று, அறிந்தே வழி விடுவது வேறொன்று. உன் இருமலைக் கேட்டுவிட்டுத்தான் அவர் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் தள்ளி உட்காரச் சொன்னபோது, "இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கப்போறான்" என்றார்.

ஆகவே தம்பி, ட்யூப்கள் போய்விட்டன. உன்னாலா என்னாலா என்று இனி உலகத்தில் எந்த மெஷினும் சொல்லாது. அதைக் கேட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமைகளை வீணாக்க வேண்டாம். நீ வா. அவர் கண்ணாடி மேசை மேல் அப்படியே இருக்கிறது, ஒரு பக்கக் காது தளர்ந்திருக்கிறது, நீதான் திருகு வைத்து முறுக்க வேண்டும். குழாயையும் பார்க்க வேண்டும். உன் மகளுக்கு என் முத்தங்கள். உன் மனைவிக்கு என் அன்பு. நீ தூங்குகிறாயா என்று அவளிடம்தான் கேட்பேன், உன் பதிலை நம்ப முடியாது. நீ நீண்ட நாள் நன்றாக இருப்பாய். இதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் கிடையாது, அக்காவாகச் சொல்கிறேன்.

உன் அக்கா.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளதை நேற்று, புதன்கிழமை, எழுதினேன். இன்று நடந்தது இது.

காலையில் மைனஸ் எண்பது விடுப்பு முடிந்து வந்தார். என்னை ஸ்டோருக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஃப்ரீசரின் அடித்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். திறந்தேன். அ, த, நா. மூன்று மூடிகளிலும் கறுப்புப் புள்ளி.

"புள்ளி இல்லாத பெட்டின்னு கையில எடுத்தேன் மேடம். எல்லாத்துலயும் நம்பரு, இதுல மட்டும் எழுத்து. பன்னெண்டு வருஷமா ரெஜிஸ்டர்ல பாக்கறேன், உங்க கை எனக்குத் தெரியாதா? 'அ' யாருன்னும் தெரிஞ்சுபோச்சு. அவரைத் தூக்கிப் போட எனக்கு மனசு வருமா?"

"நேரம் முடிஞ்சிருச்சே."

"முடிஞ்சுதான் போச்சு. நானே புள்ளி வெச்சு நானே பாஸ் பண்ணிக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அந்த வைரஸ் செய்வதை அப்படியே செய்திருக்கிறார் என்று அவரிடம் சொல்லவில்லை. ட்யூப்களை ஐஸில் வைத்தேன். பத்து மணிக்கு மூன்றையும் மெஷின் அறைக்குக் கொண்டுபோனேன்.

மாலை ஆறரைக்கு மெஷின் பார்ப்பவர் கூப்பிட்டார். அவருக்கு அ, த, நா கதை தெரியாது. திரையைக் காட்டி, "மேடம், ஒரே ஆள் சாம்பிளை மூணு தடவை போட்டுட்டீங்களா? எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கு" என்றார்.

"மூணு தடவை இல்ல. மூணு பேர். ஒரே வீடு" என்றேன்.

உன்னுடையது ஒட்டும், அல்லது என்னுடையது ஒட்டும் என்று இரண்டை மட்டும்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மூன்றாவதாக இப்படி ஒன்று இருக்கலாம் என்று முதல் வருஷ மாணவருக்குக்கூடத் தெரியும். உன்னிடமிருந்து எனக்கா, என்னிடமிருந்து உனக்கா, அவருக்கு யார் கொடுத்தது, எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை. திரும்பத் திரும்ப மூன்று முறை படித்தேன். ட்யூப்கள் இருக்கின்றன, பதில் இல்லை. மேலே எழுதியதில் "நீ வா" என்பதை மட்டும் வைத்துக்கொள்.

பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். நடுவில் ஒரு வளைவில் பேனா நின்றுவிட்டது. மைனஸ் எண்பது அதைப் பார்த்தார். ரெஜிஸ்டரை மூடி வைத்தார்.